கேளுங்கள், சொல்கிறோம்: கன்னத்து மச்சமும் புதுப் பள்ளியும்

கேள்வி: மகளுக்கு இடது கன்னத்திலும் மேல் இமையிலும் பிறந்ததிலிருந்தே கருஞ்சிவப்பு மச்சம். ஜூனில் தமிழ்ப் பள்ளியை விட்டு, பாலக்காடு மாவட்டச் சித்தூரில் மலையாளப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் எட்டாம் வகுப்பு சேர்கிறாள். இப்போதே துப்பட்டாவால் முகத்தை மூடுகிறாள். கிரகணத்தில் நான் வெளியே வந்ததுதான் காரணம் என்கிறார் மாமியார். க்ரீம் போட்டு மறைக்கலாமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் சொல்வது போர்ட் வைன் மச்சம், அதாவது தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்திருப்பதால் வரும் சிவப்பு மச்சம் போலத் தெரிகிறது. கருவில் தோல் உருவாகும்போது ஜிஎன்ஏக்யூ என்ற மரபணுவில் நேரும் மாற்றமே பெரும்பாலும் காரணம் என்று 2013-இல் கண்டுபிடித்தார்கள். அம்மா செய்ததாலோ செய்யாததாலோ வருவதில்லை.

க்ரீமுக்கு முன் கண். மேல் இமையில் இந்த வகை மச்சம் இருந்தால் கண் அழுத்தம் ஏறலாம். வலியில்லாமலே பார்வையைத் தின்னும். வருடத்துக்கு ஒருமுறை கண் மருத்துவரிடம் அழுத்தம் பாருங்கள்.

பள்ளியில் முதல் வாரம் கேட்கத்தான் செய்வார்கள். பதில் அவள் வாயிலிருந்தே வரட்டும். நீங்கள் முந்திக்கொண்டால் வெட்கப்பட வேண்டிய விஷயம் போலாகிவிடும். 'இது எந்தா?' என்றால், 'ஜனிச்சப்போழே உள்ளதா, பகரில்லா' (பிறந்ததிலிருந்தே இருக்கிறது, ஒட்டாது). அவ்வளவு போதும். உடனே பேச்சை மாற்ற இன்னொரு கேள்வி: 'நிங்ஙள் ஏதா பஸ்?' (நீங்கள் எந்த பஸ்?) கண்ணாடி முன் அல்ல, நடந்துகொண்டே பத்துத் தடவை சொல்லிப் பழகட்டும். வகுப்பாசிரியரை முன்கூட்டிப் பார்ப்பது நல்லது, மகள் சம்மதித்தால். பட்டப்பெயர் வைத்தால் அது கேள்வி இல்லை, சீண்டல்; ஆசிரியரிடம் போக வேண்டியதுதான். சேர்க்கைப் போட்டோவில் ஸ்டுடியோக்காரர் மச்சத்தை அழித்துத் தருவார், கேட்காமலே! வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

க்ரீம் தினமும் கட்டாயம் இல்லை. கல்யாண வீட்டுக்கு மட்டும் என்று அவளே முடிவு செய்யலாம். மச்சத்தை மறைக்கும் கேமோஃப்ளாஜ் க்ரீமின் நிறத்தைத் தாடை ஓரத்தில் தடவி, வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். கடை டியூப்லைட் ஏமாற்றும். சன்ஸ்கிரீன் தடவி 10 நிமிடம் விடுங்கள். பிறகு நிறத்தை அடக்கும் கரெக்டர் க்ரீம்: மச்சம் சிவப்பாக இருந்தால் பச்சை, ஊதா சாய்ந்தால் மஞ்சள். மெல்லிசாக, மச்சத்தின் மேல் மட்டும். பச்சை கூடினால் மாநிறத்தில் சாம்பல் பூத்துத் தெரியும், பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அதன்மேல் க்ரீமை மோதிர விரலால் தட்டித் தட்டி இரண்டு மெல்லிய பூச்சு. தேய்த்தால் கீழேயுள்ளது கிளம்பிவிடும். பவுடரை அழுத்தி வைத்து, 5 நிமிடம் கழித்து உதிரியைத் தட்டிவிடுங்கள். வியர்த்தால் ஒற்றுங்கள், துடைக்காதீர்கள். இரவு கழுவாமல் படுத்தால் பரு வரும்.

லேசர் கேட்பீர்கள். பல்ஸ்டு டை லேசர் மச்சத்தை மங்கவைக்கும். முழுதாகப் போவது அபூர்வம். பல சிட்டிங் ஆகும், ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒரு வாரம் பத்து நாள் கன்றிப்போயிருக்கும். நம் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அந்த ஒளியை உறிஞ்சுவதால் சுட்டு, கருமை படியலாம். முதலில் சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: இரண்டு மாதக் குழந்தையின் உதட்டோரம் செர்ரிப்பழச் சிவப்பில் ஒரு கட்டி வாரா வாரம் பெரிதாகிறது. நாணயம் வைத்துக் கட்டலாமா?
- வாசகர், நகரி

பதில்: கட்டாதீர்கள், புண்ணாகும். இது ஹெமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். முதல் சில மாதம் வேகமாக வளர்ந்து, பிறகு வருடக்கணக்கில் தானே சுருங்கும். ஆனால் உதடு, கண், மூக்கு நுனியில் என்றால் காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே தோல் அல்லது குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டியைச் சுருக்கும் ப்ரோப்ரனலால் சொட்டு மருந்தை அவர் தந்தால் பால் குடித்த பிறகே கொடுங்கள். குழந்தை குடிக்காத அன்றும் வாந்தி எடுக்கும்போதும் மருந்தை நிறுத்தி மருத்துவரைக் கேளுங்கள், ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் 10 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.