புகார் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள்
வாசகர் கேள்வி, அக்காவின் பதில்

கேள்வி: அக்கா, திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வந்து குடியேறிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்போம். இங்கே எங்கள் புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற கூரை போட்ட நடைபாதையில் மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோக முடியவில்லை. ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "அது எங்கள் பகுதி இல்லை" என்று வைத்துவிட்டார்கள். இங்கே மாநகராட்சி எங்கே இருக்கிறது? பக்கத்து வீட்டு அம்மா கைப்பேசியில் ஏதோ செயலி இருக்கிறது என்கிறார்.
(புதிதாக வந்த வாசகி)

பதில்: "எங்கள் பகுதி இல்லை" என்று அந்த அலுவலகத்தார் சொன்னது உண்மையாகவே இருக்கலாம் தங்கச்சி. ஆனால் யாருடைய பகுதி என்று சொல்லாமல் போனை வைத்தது சரியில்லை. நான் ஒரு நகர மன்றத்தின் முகப்பில் பல வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். "எங்களுடையது இல்லை" என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அவர் இன்னொரு கதவைத் தட்ட மாட்டார், வீட்டுக்குத்தான் போவார். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

உங்கள் ஊர் மாதிரி மாநகராட்சி இங்கே இல்லை. ஒரு காலத்தில் நகரசபை இருந்தது. 1957 தேர்தலுக்குப் பிறகு ஓங் எங் குவான் மேயராக இருந்தார். பிறகு அந்த வேலைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இன்று நகர மன்றங்கள் இருக்கின்றன. 1986ல் அங் மோ கியோவில் சோதனையாகத் தொடங்கி, 1988ல் சட்டமாகி எல்லா இடத்துக்கும் வந்தன. நாடாளுமன்ற உறுப்பினர்கள்தான் அவற்றை நடத்துகிறார்கள். மாதாமாதம் நீங்கள் கட்டுகிற சேவை, பராமரிப்புக் கட்டணம் அங்கேதான் போகிறது. மின்தூக்கி, தாழ்வாரம், புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள வாய்ட் டெக் என்ற திறந்த இடம், புளோக்கைச் சுற்றியுள்ள பொது இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதைத் தாண்டிக் கால் வைத்தால் ஆள் மாறிவிடும். சாலை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு, பெரிய வடிகால் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு, சாலையோர மரம் தேசியப் பூங்காக் கழகத்துக்கு.

இது எவ்வளவு குழப்பம் என்பதை 2014 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் மீன் உருண்டைக் குச்சி ஒன்றை வைத்து விளக்கினார். புக்கிட் கோம்பாக்கில் ஒரு நடைபாதை. பக்கத்துச் சரிவு சிங்கப்பூர் நில ஆணையத்துடையது, நடுவில் ஓடுகிற பூங்கா இணைப்புப் பாதை பூங்காக் கழகத்துடையது, சாலையை ஒட்டிய பகுதி நிலப் போக்குவரத்து ஆணையத்துடையது. யாரோ தின்றுவிட்டுப் போட்ட குச்சி எங்கே கிடக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் யார் பெருக்குவது என்பது. அன்று வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் அலுவலகத்தார் ஒவ்வொருவருக்கும் தங்கள் முகப்பில் நடந்த ஏதாவது ஒரு சண்டை நினைவுக்கு வந்திருக்கும்.

அதே ஆண்டு அக்டோபரில் இதற்கென்றே நகராட்சிச் சேவை அலுவலகம் அமைந்தது. 2015 ஜனவரியில் 'ஒன்சர்விஸ்' செயலி வந்தது. பக்கத்து வீட்டு அம்மா சொன்னது அதைத்தான். யாருடைய பொறுப்பு என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அவர்களே பார்த்து அனுப்புவார்கள். 2021லிருந்து வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் 'ஒன்சர்விஸ் காக்கி' என்ற உரையாடல் சேவை இருக்கிறது. செயலி இறக்கத் தயங்குகிறவர்கள் அதில் எழுதலாம்.

இனி எப்படிப் புகார் கொடுப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாதிப் புகார் எழுதுகிற விதத்திலேயே கெட்டுப்போகிறது.

தண்ணீர் நிற்கும்போதே படம் எடுங்கள். வெயில் வந்தபின் எடுத்தால் காய்ந்த தரைதான் தெரியும். பார்க்கிற அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. ஒரு படம் தள்ளி நின்று, புளோக் எண் தெரிகிற மாதிரி. இன்னொன்று கிட்டத்தில், தேங்கிய தண்ணீரில் தள்ளுவண்டிச் சக்கரம் எவ்வளவு தூரம் நனைகிறது என்று தெரிகிற மாதிரி. பிறகு வரைபடத்தில் இடத்தைக் காட்டும் குறி. கூரைக்கடியில் நின்றால் அது பல நேரம் நடுச்சாலையில் போய் விழும். அப்படியே விட்டுவிட்டால் புகார் சாலைக்காரர்களுக்குப் போய், அவர்கள் வந்து பார்த்து, இங்கே ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவார்கள். விரலால் இழுத்துச் சரியான இடத்தில் வையுங்கள். பக்கத்தில் விளக்குக் கம்பம் இருந்தால் அதில் ஓர் எண் இருக்கும், அதையும் எழுதுங்கள். "எப்போதும் தண்ணீர்தான்" என்பது உதவாது. "மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் வடியவில்லை, மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில்" என்றால் வடிகால் வாய் அடைத்திருக்கிறதா, தரை சாய்வு தப்பா என்று வருகிறவருக்குப் பாதி புரிந்துவிடும். ஒரு புகாரில் ஒரு விஷயம் மட்டும். தண்ணீரோடு எரியாத விளக்கையும் புறாத் தொல்லையையும் சேர்த்தால் மூன்றில் ஒன்றுதான் சரியாகும்.

புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். வேலை முடிந்தது என்று பதில் வந்தும் அடுத்த மழையில் தண்ணீர் நின்றால், புதுப் புகார் கொடுக்காமல் பழைய எண்ணைக் குறிப்பிட்டு, புதுப் படத்தோடு எழுதுங்கள். இப்படிக் கேட்கச் சங்கடப்பட வேண்டாம், இது சண்டை இல்லை. அதிகாரிக்குக் கணினியில் தெரிவது முடிந்துபோன ஒரு புகார் மட்டும்தான். முடியவில்லை என்பதை நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 74. தமிழும் கொஞ்சம் மலாயும்தான் தெரியும். கடையில் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்க அரசாங்கம் வழங்குகிற சிடிசி பற்றுச்சீட்டு வந்திருக்கிறது என்று குறுஞ்செய்தி வந்தால் மோசடி என்று பயந்து அழித்துவிடுகிறார். அழிக்காதீர்கள் என்றால், "அன்று உன் மாமாவுக்கு என்ன ஆச்சு?" என்கிறார். இப்படிப்பட்டவரை எப்படி இதற்குள் கொண்டுவருவது?
(மகன், ஜூரோங்)

பதில்: அப்பாவின் பயத்தைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. உறவில் ஒருவர் பணம் பறிகொடுத்ததைப் பார்த்தவருக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும், அது அவரைக் காப்பாற்றவும் செய்கிறது. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துக் காட்டுங்கள், போதும்.

2024 ஜூலை 1 முதல் அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள், சில விதிவிலக்குகள் தவிர, 'கவ் டாட் எஸ்ஜி' (gov.sg) என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. அந்தப் பெயர் திரையில் எப்படித் தெரியும் என்பதை ஒரு தாளில் பெரிதாக எழுதி, அப்பா கைப்பேசியை வைக்கும் இடத்தில் ஒட்டுங்கள். அதன் கீழே இன்னொன்று: அரசாங்க அதிகாரி எவரும் போனில் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார், வங்கிக் கடவுச்சொல் கேட்க மாட்டார், அதிகாரபூர்வமில்லாத இடத்திலிருந்து செயலி இறக்கச் சொல்ல மாட்டார். சந்தேகம் வந்தால் மோசடி பற்றிக் கேட்பதற்கான உதவி எண் 1799க்கு அழைக்கலாம். அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் கணக்கின் கடவுச்சொல்லை அப்பா உங்களிடம்கூடச் சொல்லத் தயங்கினால், அந்தப் பழக்கத்தை மாற்றாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலாலேயே அழுத்தச் சொல்லுங்கள்.

பற்றுச்சீட்டை வீட்டில் ஒருவர் சிங்பாஸ் வழியாக எடுத்தால் போதும். அதுவும் முடியாது என்றால் அடையாள அட்டையோடு சமூக மன்றத்துக்குப் போகட்டும். உதவி செய்து, தாளில் அச்சடித்தே கொடுப்பார்கள். 2020லிருந்து சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் மூத்தோருக்கு உட்கார்ந்து சொல்லித்தருகிறார்கள். தமிழ் பேசுகிறவர் எந்த நாளில் வருவார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். எல்லா நாளும் இருக்க மாட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். 2020ல் கொவிட் நேரத்தில் அரசாங்கச் செய்தி வாட்ஸ்அப்பில் தமிழிலும் வந்தது. எங்கள் புளோக்கின் கீழே பெரியவர்கள் அதை ஒருவருக்கொருவர் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். கண்ணாடி கொண்டுவர மறந்தவருக்கு இன்னொருவர் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். கைப்பேசி கண்டு பயந்தவர்கள்தான் அவர்களும். தங்கள் மொழியில், தங்கள் உடல்நலத்தைப் பற்றி வந்ததும் திறந்து பார்த்தார்கள். அப்பாவுக்கு முதலில் பற்றுச்சீட்டைக் காட்டாமல், அவருக்கு வேண்டிய ஏதாவது ஒன்றைத் திறந்து காட்டுங்கள். பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்பதாகக்கூட இருக்கலாம்.

கேள்வி: மேல்வீட்டில் இரவு பதினொரு மணிக்கு மேசை நாற்காலியை இழுக்கிறார்கள். செயலியில் புகார் கொடுக்கலாமா?
(அங் மோ கியோ வாசகி)

பதில்: முதலில் மேலே போய்ப் பேசுங்கள். பகலில், கையில் ஏதாவது பலகாரத்தோடு. வேலை முடிந்து தாமதமாக வந்து சாப்பிடுகிறவர்களாக இருக்கலாம். நாற்காலிக் காலுக்கு ஒட்டுகிற துணி வட்டுகள் கடையில் கிடைக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் சமூக சமரச நிலையம் இருக்கிறது. எடுத்தவுடனே செயலியில் பதிந்து, பிறகு மின்தூக்கியில் அவர்கள் முகத்தைப் பார்ப்பது கஷ்டம்.

கேள்வி: அரசாங்கத்தின் கருத்தறியும் அமைப்பான ரீச்சில் கருத்துக் கேட்கிறார்கள், நிலப் பயன்பாட்டுப் பெருந்திட்டத்துக்குக் கருத்துக் கேட்கிறார்கள், கலந்துரையாடல் என்கிறார்கள். எல்லாம் முடிவு செய்துவிட்டுத்தானே கேட்கிறார்கள்? இளையர் நாங்கள் எதற்கு நேரம் செலவழிக்க வேண்டும்?
(பொங்கோல், 26 வயது)

பதில்: இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் இல்லை. 1985ல் கருத்தறியும் பிரிவு தொடங்கியபோது என் வயதுக்காரர்களும் இதையேதான் கேட்டோம். 2006ல் அது ரீச் ஆனது. 2009லிருந்து இணையம் வழியாக மக்களோடு பேசும் பொறுப்பும் அதற்கு வந்தது. பெயரும் வழியும் மாறின, உங்கள் கேள்வி அப்படியே இருக்கிறது. அது இருப்பது நல்லது.

எல்லாக் கருத்துக்கேட்பும் ஒன்றில்லை. சட்ட மசோதாவோ திட்டமோ எழுதி முடித்த பிறகு கேட்பது ஒரு வகை. அதில் ஓரங்களைத்தான் மாற்ற முடியும். வரைவாக இருக்கும்போதே கேட்பது இன்னொரு வகை. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் இரண்டாவது வகை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்கிறார்கள். 2025 ஜூனில் வரைவைக் காட்சிக்கு வைத்து, இணையத்திலும் போட்டு, கருத்துக் கேட்டார்கள். உங்கள் வட்டாரத்தில் எந்தக் காலி நிலம் என்னவாகப் போகிறது என்று அந்த வரைபடத்தில் வண்ணம் வண்ணமாக இருக்கும். இப்படிப்பட்ட வேளையில் எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு.

பெரிய கலந்துரையாடல்களையும் பார்த்திருக்கிறேன். 2012ல் தொடங்கிய 'நமது சிங்கப்பூர் கலந்துரையாடல்' 660க்கும் மேற்பட்ட அமர்வுகளாக நடந்தது. தமிழிலும் நடந்தது. 2022ல் தொடங்கிய 'முன்னேறும் சிங்கப்பூர்' இயக்கத்தில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். இவ்வளவு பேர் பேசும்போது ஒருவர் குரல் எங்கே கேட்கும் என்பீர்கள். நம் ஆட்கள் பேசாமல் இருந்துவிட்டால் நமக்கு வேண்டியதை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் என் கவலை. முகப்பில் உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன்: விளக்கு எரியவில்லை, குப்பைக் குழாய் நாறுகிறது என்று சொல்ல நம்மவர்கள் தயங்குவதில்லை. "இங்கே என்ன கட்டினால் நல்லது?" என்று கேட்டுத் தாள் வைத்தால், "அதெல்லாம் படித்தவர்கள் எழுதட்டும்" என்று நகர்ந்துவிடுவார்கள். தம்பி, நீங்கள் படித்தவர். உங்கள் அம்மா அதில் எழுத மாட்டார். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு நீங்கள் எழுதலாமே.

எழுதும்போது "பசுமை வேண்டும்", "வசதி வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். அப்படி ஆயிரம் வரும். எந்தப் புளோக்குக்கும் எந்த நிலையத்துக்கும் நடுவில், எத்தனை மணிக்கு, யாருக்கு, என்ன இல்லை என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகிற மூத்தோர் பேருந்து மாறுகிற இடத்தில் உட்கார இருக்கை இல்லை என்றால் அதை எழுதுங்கள். பதில் வந்தால் வைத்திருங்கள். வராவிட்டால், அல்லது வந்த பதில் கேள்விக்குப் பதிலாக இல்லாவிட்டால், அச்செடுத்துக்கொண்டு உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போங்கள். 1955ல் டேவிட் மார்ஷல் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிய பழக்கம் அது. பெரும்பாலும் வாரத்தில் ஓர் இரவு நடக்கும், முன்னதாகவே போய் வரிசை எண் வாங்கிக்கொள்ளுங்கள். தொண்டூழியர் ஒருவர் கணினியில் உங்களுக்காகக் கடிதம் தட்டச்சு செய்வார். அவரிடம் பழைய பதிலைக் காட்டி, அதன் தேதியையும் எண்ணையும் கடிதத்தின் முதல் வரியிலேயே போடச் சொல்லுங்கள்.