டென்ட் அடிக்க எங்க போறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஆகஸ்ட் லீவுக்கு ரெண்டு நாள் டென்ட் அடிச்சு இருக்கலாமெண்டு யோசிக்கிறம். இவருக்குத் தூண்டில் போடோணும், பிள்ளையள் ரெண்டுக்கும் கடல்ல குளிக்கோணும், தம்பி மலை ஏறோணுமெண்டு நிக்கிறான், மாமிக்கு முழங்கால் நோ. புறாத்தீவில தங்கலாமெண்டும் ஒராள் சொன்னவ. எங்க போறது?
– உப்புவெளி வாசகி

பதில்: தங்கச்சி, முதல்ல நிலாவெளிக் கடல்ல இருக்கிற புறாத்தீவை விடுங்கோ. அது 2003ல இருந்து தேசிய பூங்கா, பகல்ல போய் மீனும் முருகைக்கல்லும் பாத்திட்டுத் திரும்பி வாறதுதான், இரவு தங்கேலாது. தங்க விடாததும் நல்லதுதான், ஆக்கள் மிதிச்சு மிதிச்சே அந்த முருகைக்கல்லு எவ்வளவு அழிஞ்சு போச்சு, பாக்க வயிறு எரியுது.

எல்லாரும் பகல்ல என்ன செய்யலாமெண்டு பாத்துத்தான் இடம் பிடிக்கினம். நான் சொல்லுறது, இரவைப் பாருங்கோ. மாமி ரெண்டு மணிக்கு எழும்பினா டொய்லெட்டுக்கு எங்க போவா, சின்னவன் தண்ணி கேட்டா நல்ல தண்ணி எங்க இருக்கு, இதுக்குப் பதில் இருக்கிற இடந்தான் உங்கட குடும்பத்துக்குச் சரி. அதால நிலாவெளிப் பக்கம் வளவுள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸ் பாத்து ஒரே ஒரு ரூம் எடுங்கோ, மாமி அதில படுக்கட்டும், நீங்க வளவுக்குள்ள டென்ட் அடியுங்கோ, ஆனா தென்னைக்குக் கீழ மட்டும் வேண்டாம், தேங்காய் விழும். ஆகஸ்ட்ல எங்கட திருகோணமலைப் பக்கத்துக் கடல் அமைதி, பிள்ளையளுக்குப் பயமில்லை, ஆனா கச்சான் காத்து அடிக்கும், அது தரைப்பக்கத்தால வாற சூட்டுக் காத்து, டென்டையே தூக்கிக்கொண்டு போகும். மணல்ல முளை நிக்காது. போன வருசம் குச்சவெளியில எங்கட டென்ட் ரெண்டு தரம் புடுங்குப்பட்டுது, பிறகு ஷொப்பிங் பேக்குகள்ல மணலை நிரப்பிக் கயித்தில கட்டி முழங்கை ஆழத்துக்குத் தாட்ட பிறகுதான் நித்திரை கொண்டம். கிழக்குக் கரை எண்டபடியா சூரியன் நேர முகத்தில எழும்பும், ஏழு மணிக்கே உள்ள அவியும், வாசலை மரநிழல் பக்கம் திருப்பி வையுங்கோ.

இவர் தூண்டில் போடுற இடத்தை மீன்பிடி வாடியில இருக்கிற ஆக்களிட்டக் கேட்டே போடச் சொல்லுங்கோ. கரைவலை இழுக்கிற இடத்தில டென்டோ தூண்டிலோ இருந்தா அவையின்ர பிழைப்புக் கெடும். திரும்பி வரேக்க விடிய வெள்ளன கன்னியா வெந்நீர்க் கிணத்தடிக்குப் போனா ஏழு கிணத்திலயும் அள்ளி ஊத்தலாம், மாமியின்ர முழங்காலுக்கும் சுகமா இருக்கும்.

தம்பியை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. அவன் சிநேகிதரோட வேற ஒரு கிழமை நக்கிள்ஸ் மலைப் பக்கம், ரிவர்ஸ்டனுக்குப் போகட்டும். அங்க காத்துப் பலம், அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டு போகோணும். ஹோர்ட்டன் சமவெளி எண்டா ஆகஸ்ட்ல வேண்டாம், தென்மேல் மழைக் காலம், 2000 மீற்றருக்கு மேல குளிர்ல நனைஞ்சு கிடக்கிறது சந்தோசமில்லை. தை முடிய, மாசியில போகலாம்.

கேள்வி: நாங்க நாலு பெடியள், கந்தளாய்க் குளத்தடியில டென்ட் அடிச்சு யானை பாக்க ஆசை. சரிவருமா?
– கிண்ணியா வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. வறட்சியில யானை தண்ணிக்கு வாற பாதை அது, குளத்தில முதலையும் இருக்கு. யானை பாக்கோணுமெண்டா மின்னேரியா தேசிய பூங்காவுக்குப் பகல்ல ஜீப்பில போங்கோ, ஆகஸ்ட் செப்டம்பர்ல அங்க கூட்டம் கூட்டமா நிக்கும். காட்டுக்குள்ளதான் படுக்கோணுமெண்டா வனசீவராசிகள் திணைக்களத்தில முற்கூட்டியே புக் பண்ணி, வில்பத்து மாதிரி இடத்தில அவை காட்டுற கேம்ப் இடத்தில மட்டும் தங்குங்கோ. அங்கயும் வாழைப்பழம், உப்பு, அரிசி ஒண்டையும் டென்டுக்குள்ள வைக்காதேங்கோ, யானை மணம் பிடிச்சு வந்திடும்.