விண்கலம் எரிபொருளில் எவ்வளவு தூரம் போகும்? மாணவர் கேள்விகளும் பதில்களும்

மலையகத்து உயர்தர மாணவர்கள் இந்த முறை அனுப்பியவற்றில் பெரும்பாலானவை விண்கல எரிபொருள் பற்றியவை. பௌதிகவியல் ஆசிரியனாக எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

ஹட்டன் மாணவன்: சேர், தோட்டத்து லொறி ஒரு லீட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று ட்ரைவர் சொல்லிவிடுவார். விண்கலத்துக்கும் அப்படிச் சொல்லலாமா?

சொல்ல முடியாது தம்பி. நுவரெலியா ஏற்றத்தில் எஞ்சினை நிறுத்தினால் லொறி நின்றுவிடும். விண்வெளியில் உராய்வு இல்லை என்றே சொல்லலாம்; இயந்திரத்தை அணைத்த பிறகும் கலம் போய்க்கொண்டே இருக்கும். 1977இல் ஏவிய வொயேஜர் 1 விண்கலம் இன்றும் செக்கனுக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. ஆகவே தூரத்தைக் கேட்காதீர்கள். இருக்கும் எரிபொருளால் மொத்தம் எவ்வளவு வேகத்தை மாற்ற முடியும் என்று கேளுங்கள்.

தலவாக்கலை மாணவி: அந்த வேக மாற்றத்தை எப்படிக் கணிப்பது சேர்?

ரஷ்யரான சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சூத்திரம் இருக்கிறது. தொடக்கத் திணிவை, எரிபொருள் தீர்ந்த பின் மிஞ்சும் திணிவால் வகுத்து, அதன் இயற்கை மடக்கையை (ln) எடுங்கள். அதை இயந்திரத்திலிருந்து வாயு வெளியேறும் வேகத்தால் பெருக்கினால் விடை வந்துவிடும். உந்தக் காப்பு விதியிலிருந்தே இதைப் பெறலாம். கட்டாயம் ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள் மகள்.

இந்தியாவின் செவ்வாய்க் கலமான மங்கள்யானை எடுப்போம். ஏவும்போது திணிவு 1337 கிலோகிராம், அதில் 852 எரிபொருள். மிஞ்சுவது 485. விகிதம் 2.76, மடக்கை ஏறக்குறைய 1.01. வாயு வேகம் செக்கனுக்குச் சுமார் 3 கிலோமீட்டர். ஆக மொத்த வேக மாற்றமும் செக்கனுக்கு அதே 3 கிலோமீட்டர் அளவுதான். செவ்வாயின் ஈர்ப்பில் சிக்குவதற்கு மட்டும் இதில் 1.1 கிலோமீட்டர் செலவானது. இவ்வளவை வைத்துக்கொண்டு அது 60 கோடி கிலோமீட்டருக்கு மேல் பயணித்து, 2014 செப்டெம்பர் 24இல் செவ்வாயை அடைந்தது. வழியில் ஏறக்குறைய பத்து மாதம் அதன் பிரதான இயந்திரம் ஓய்வில்தான் இருந்தது!

மஸ்கெலியா மாணவன்: அப்படியென்றால் எரிபொருளை இரட்டிப்பாக்கினால் வேக மாற்றமும் இரட்டிக்குமா?

இல்லை. அதே கலத்தில் 1704 கிலோ ஏற்றினால் விகிதம் 4.51 ஆகும். வேக மாற்றம் செக்கனுக்கு 4.5 கிலோமீட்டர் மட்டுமே. கூடுதல் எரிபொருளைத் தூக்கவே எரிபொருள் செலவாகிறது. மடக்கை இப்படித்தான் கையைக் கட்டிப்போடும். காலியான பகுதிகளை வழியிலேயே கழற்றிவிடும் பல கட்ட ரொக்கெட்டுகள் இதனால்தான் வந்தன.

பண்டாரவளை மாணவி: வாயு வேகத்தைக் கூட்டினால்?

அதுதான் சரியான வழி! 2007இல் ஏவிய நாசாவின் டோன் (Dawn) கலத்தின் அயன் இயந்திரம், அதாவது மின்னேற்றிய அணுக்களை மின்சாரத்தால் தள்ளும் இயந்திரம், செனோன் வாயுவைச் செக்கனுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளியது. 425 கிலோ செனோன் ஏற்றிப் போன அந்தக் கலம் தன் வேகத்தைச் செக்கனுக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் மாற்றிக்கொண்டது. ஆனால் உந்துவிசை அதிகபட்சம் சுமார் 0.09 நியூட்டன்தான். மங்கள்யானின் பிரதான இயந்திரத்துக்கோ 440 நியூட்டன். ஆகவே அயன் இயந்திரத்தை ஆண்டுக்கணக்கில் இயக்க வேண்டும். அதைக் கொண்டு பூமியிலிருந்து கிளம்பவே முடியாது.

ஹப்புத்தளை மாணவன்: எரிபொருள் முழுவதும் தீர்ந்துவிட்டால்?

கலம் தன் பாதையில் போகும், ஆனால் அன்டெனாவைப் பூமிப் பக்கம் திருப்ப முடியாமல் தொடர்பு அறுந்துவிடும். 2018இல் டோனின் பணி முடிந்ததும் இப்படித்தான்: கலத்தைத் திருப்பும் ஹைட்ரசீன் எரிபொருள் தீர்ந்துபோனது. அதனால் திருப்புவதற்கான எரிபொருளுக்கு முதலிலேயே தனிக் கணக்கு வைப்பார்கள்.