நக்கல் மட்டும் போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் மட்டரகப் பேய்ப் படங்களை நக்கலடித்தே ஜோ பாப் பிரிக்ஸ் என்பவர் பத்திரிகை, டிவி, சினிமா, ஓடிடி என்று ஒரு ரவுண்டு வந்துவிட்டாராமே! நம்ம ஊர்த் தமிழில் நானும் அப்படி விமர்சனம் எழுதலாமென்று இருக்கிறேன். நக்கல் எனக்கு நன்றாக வரும். போதுமா?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: போதாது. நக்கல் நன்றாக வருகிறவர்கள் தக்கலை பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நாலு பேர் தேறுவார்கள்.

ஜோ பாப் என்பது வேஷம். டெக்சாஸ் பட்டிக்காட்டான் வேஷம். உள்ளே இருந்தவர் ஜான் ப்ளூம், டல்லாஸ் டைம்ஸ் ஹெரால்ட் நாளிதழின் நிருபர். 1982-இல் அந்த நாளிதழில் ஜோ பாப் என்ற பெயரில் சினிமா பத்தியைத் தொடங்கினார். காருக்குள் உட்கார்ந்து பார்க்கும் திறந்தவெளித் தியேட்டர் படங்கள்தான் அதற்குச் சரக்கு. அதே கை, 1984-இல் ஜிம் அட்கின்சனோடு சேர்ந்து டெக்சாஸில் நடந்த ஒரு கோடரிக் கொலை வழக்கைத் துருவிப் புத்தகமாகவும் எழுதியது. நீங்கள் ரசித்த நக்கலுக்கு அடியில் கிடப்பது இந்த நிருபர் வேலை.

அவர் பத்தியைப் பிரித்துப் பாருங்கள். முதலில் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புலம்பல். அதிலிருந்து ஒரே தாவலில் படம். கடைசியில் கணக்கு: பிணம் எத்தனை, ரத்தம் எத்தனை கேலன், நாலுக்கு எத்தனை நட்சத்திரம். எந்த ஆயுதம் வந்தாலும் அதன் வாலில் குங்ஃபூவின் 'ஃபூ'வை ஒட்டிவிடுவார். நம்ம ஊரில் வெட்டுக்கத்தியை வைத்து 'வெட்டோத்தி ஃபூ' என்று எழுதலாம். ஆனால் படத்தில் வெட்டோத்தி வந்திருக்க வேண்டும், அரிவாளாக இருக்கக் கூடாது. எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் சிரிப்பு வரும். பத்துப் பிணம் விழுந்த படத்துக்கு 'நூறு பிணம்' என்று எழுதினால் அது வெறும் புளுகு.

எண்ணுவதற்கும் முறை உண்டு. முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாம் தடவை நோட்டோடு உட்காருங்கள்: நிமிஷம், சம்பவம், ஆயுதம் என்று மூன்று பத்தி. ஃபிளாஷ்பேக்கில் அதே சாவு திரும்ப வந்தால் எண்ணாதீர்கள். பேயாக வந்தவன் மறுபடி செத்தால் எண்ணுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்து, எல்லாப் படத்துக்கும் அதையே வையுங்கள். இயக்குநர், கேமரா, ஸ்டண்ட் பெயர்களை டைட்டில் கார்டிலிருந்தே எழுதுங்கள், போஸ்டரை நம்ப வேண்டாம். 400 வார்த்தை விமர்சனத்தில் புலம்பல் 100-ஐத் தாண்டினால் படத்துக்கு இடம் இருக்காது. இடைவேளையில் எழுதி அனுப்புவது விமர்சனமே அல்ல.

நம்ம ஊர்த் தமிழ் என்றீர்கள். குமரி மாவட்டத்துக்குள்ளேயே அகஸ்தீஸ்வரம் பேச்சு வேறு, விளவங்கோடு பேச்சு வேறு. இரண்டையும் கலந்தால் முதல் வரியிலேயே குட்டு வெளிப்படும். வேஷம் போட்டவன்தான் கேலிக்கு ஆளாக வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் அல்ல. ப்ளூமே இங்கேதான் சறுக்கினார். 1985-இல் ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பாடப்பட்ட பாட்டைக் கிண்டல் செய்து எழுதினார். கறுப்பின மக்கள் கொதித்தார்கள், பத்தி நின்றது, அவரும் வேலையை விட்டார். பேய்ப் படத்தை அடிக்கிற சாட்டையைப் பசித்தவன்மேல் வீசினால் வேஷம் காப்பாற்றாது.

அதற்குப் பிறகுதான் நீங்கள் சொன்ன ரவுண்டு: டிவியில் படம் போட்டு, நடுநடுவே பேசும் வேலை. தி மூவி சேனலில் ஏறத்தாழ பத்து வருஷம், 1996 முதல் 2000 வரை டிஎன்டி சேனலில். நடுவே 1995-இல் இயக்குநர் ஸ்கோர்செசியின் 'கேசினோ' படத்தில், வேலையைப் பறிகொடுக்கும் சூதாட்ட மெஷின் மேலாளராக ஒரு சின்ன வேடம். 2018-இல் ஷடர் (Shudder) என்ற பேய்ப்பட ஓடிடியில் 24 மணி நேரம் தொடர்ந்து 13 படம். கூட்டம் தாங்காமல் சர்வர் படுத்துவிட்டது. இதில் அவர் செய்தது நமக்குப் புதுசில்லை. சுடலைமாடன் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டவருக்குத் தெரியும்: புலவர் கதையை நிறுத்தி, ஊர்க்கதை நாலு சொல்லி, மறுபடி விட்ட இடத்தில் கோர்ப்பார். விட்ட இடம் எது என்று தெரியாத புலவருக்கு அடுத்த வருஷம் அழைப்பு வராது. ஜோ பாப்பும் படத்தை நடுவில் நிறுத்தி, எடுத்தவர் யார், காசு எங்கே போனது, வெட்டுப்பட்ட கை எப்படிச் செய்யப்பட்டது என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த காட்சிக்குள் விடுவார்.

ஆகவே விமர்சனத்தை இப்போது அனுப்ப வேண்டாம். ஏதாவது ஒரு படத்துக்கு அந்த மூன்று பத்தி நோட்டை மட்டும் அனுப்புங்கள்.