அப்பாவின் செருப்பு ஏன் கழன்றுகொண்டே இருக்கிறது?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, விவசாயம். சில மாதங்களாக நடக்கும்போது வலது கால் செருப்பு தானாகக் கழன்றுவிடுகிறது. இப்போது சட்டைப் பொத்தான் போடவும் சிரமப்படுகிறார். வலி எதுவும் இல்லை. கழுத்து எலும்பு தேய்மானம் என்று பெல்ட் கொடுத்தார்கள், சொந்தக்காரர்கள் வாதம் என்று எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார்கள். மோட்டார் நியூரான் நோயாக இருக்குமோ?
- வாசகி, சங்கரன்கோவில்

பதில்: கடிதத்தை வைத்து அதைச் சொல்ல முடியாதம்மா. ஆனால் 'வலி எதுவும் இல்லை' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். தேய்மானத்தால் நரம்பு நசுங்கினால் பெரும்பாலும் வலியோ மரத்துப்போவதோ கூடவே வரும். மோட்டார் நியூரான் நோயில் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள்தான் அழிகின்றன, தொடுவுணர்வு அப்படியே இருக்கும், அதனால் பலம் மட்டும் சத்தமில்லாமல் குறையும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றியிருக்கிறதா, தோலுக்கடியில் தசை துடிக்கிறதா, பேச்சு குளறுகிறதா, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா என்று பாருங்கள். (கண்ணிமை துடிக்கிறது என்று யாரும் பயப்பட வேண்டாம், வெறும் துடிப்பு மட்டும் இந்த நோய் ஆகாது.)

58 வயதில் யாருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் கழுத்தில் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். ரிப்போர்ட்டில் அதைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள், சிலருக்குத் தேவையில்லாமல் ஆபரேஷன்கூட நடந்துவிடுகிறது. வெளிநாடுகளிலேயே முதல் அறிகுறியிலிருந்து நோயைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. அரிதான நோய், ஊர் டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. நெல்லையிலோ மதுரையிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் நிபுணரைப் பாருங்கள், அப்பா நடப்பதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், தசைகளின் மின் இயக்கத்தைப் பார்க்கும் இ.எம்.ஜி. பரிசோதனை தேவையா என்று நீங்களே கேளுங்கள். இதே மாதிரி பலம் குறையும் வேறு சில நரம்புக் கோளாறுகளுக்கு நல்ல சிகிச்சை உண்டு, அதற்காகவாவது தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: சித்தப்பாவுக்கு இந்த நோய் என்று உறுதியாகிவிட்டது. குணப்படுத்த மருந்தே இல்லையென்றால் சீக்கிரம் தெரிந்து என்ன லாபம்?
- வாசகர், தேனி

பதில்: கோபம் நியாயமானதுதான். 1995 முதல் இருக்கும் ரிலுசோல் மாத்திரை சில மாதங்களைத்தான் கூட்டித் தருகிறது. ஆனால் மூச்சுத் தசைகள் தளரும்போது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுக்கு உதவும் பைபாப் கருவியை இரவில் வைத்தால் ஆயுளும் கூடும், தூக்கமும் வரும். விழுங்க முடியாமல் போகும்போது வயிற்றில் வைக்கும் உணவுக் குழாயை, மூச்சு ரொம்பத் தளர்வதற்கு முன்பே வைத்துவிட வேண்டும், பிறகு ஆபத்து அதிகம். காலத்தோடு தெரிந்தால்தானே இதையெல்லாம் செய்ய முடியும்? குரல் தெளிவாக இருக்கும்போதே பதிவு செய்து வையுங்கள், கரண்ட் போனால் பைபாப் ஓட இன்வெர்ட்டருக்கு ஏற்பாடு செய்யுங்கள். இன்னொன்று, மூச்சு முட்டுகிறது என்று நீங்களாக ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்காதீர்கள். தசை தளர்ந்தவர்களுக்கு வெறும் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் கரியமில வாயு உள்ளேயே தேங்கி நிலைமை மோசமாகலாம்.

கேள்வி: சென்னையின் பெயரிலேயே இந்த நோயில் ஒரு வகை இருக்கிறதாமே?
- வாசகர், ஆம்பூர்

பதில்: ஆமாம், 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்'. 1970-ல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய டாக்டர்கள் எழுதிய ஆய்வில்தான் முதலில் பதிவானது. இளம் வயதிலேயே தொடங்கும், முகமும் நாக்கும் தளரும், பலருக்குக் காதும் கேட்காமல் போகும், ஆனால் மற்ற வகைகளைவிட மெதுவாகவே முற்றும். உங்கள் தெருவில் ஒரு கல்லூரிப் பையனுக்குக் காதும் மந்தமாகி கையும் மெலிந்துகொண்டே வந்தால், காது டாக்டரோடு நிறுத்தாமல் நரம்பியல் நிபுணரிடமும் அனுப்புங்கள்.