ஒரே சட்டியில் எல்லாருக்கும் சமையுங்கள்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் வசிக்கிறேன், அலுவலகத்தில் வேலை. 48 வயதான என் கணவருக்கு வெறும் வயிற்றில் சீனி 118 என்று வந்திருக்கிறது. மாத்திரை தரவில்லை, உணவைக் கவனிக்கச் சொன்னார்கள். அவருக்கென்று உறைப்பு, தேங்காய் எதுவும் சேர்க்காமல் மரக்கறி அவித்துக் கொடுக்கிறேன். இரண்டு நாள் சாப்பிடுகிறார். மூன்றாம் நாள் கடைக்குப் போய்க் கொத்துரொட்டி வாங்குகிறார். வேலை முடிந்து வந்து இரண்டு சமையல் செய்ய எனக்கும் இயலவில்லை. பிள்ளைகளுக்குப் பாணும் நூடில்ஸும்தான். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, அந்தத் தனிச் சமையலை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் கணவர் மீது எனக்குக் குறை இல்லை. உப்பும் புளியும் இல்லாத அவித்த போஞ்சியை எத்தனை நாள்தான் ஒரு மனிதர் உண்பார்?

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இரண்டு முறை வந்தால் நீரிழிவு என்கிறோம். 118 அதற்கு முந்திய நிலை. உணவாலும் நடையாலும் உடல் எடையைக் குறைப்பதாலும் இதைத் திருப்பிவிடப் பலரால் முடிகிறது. ஆனால் அந்த உணவு அவர் ஆயுள் முழுக்க விரும்பிச் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும்.

உறைப்புக்கும் சீனிக்கும் எந்தப் பகையும் இல்லை. மிளகாய், மல்லி, மிளகு, உள்ளி, ரம்பை, கறிவேப்பிலை எதுவுமே சீனியைக் கூட்டாது. கூட்டுவது தட்டில் மலையாகக் குவிக்கும் வெள்ளைச் சோறும், பாணும், நூடில்ஸும், சீனி போட்ட தேநீரும்தான். ஆகவே தட்டில் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் கொடுங்கள். கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ. சோற்றுக்கு, அதிகம் தீட்டாத சிவப்பரிசியைத் தேடி வாங்குங்கள். வாவிக்கு மேற்கே வயல்கள் நிறைந்த படுவான்கரையில் உறவினர் இருந்தால், வெள்ளாமை வெட்டும் காலத்தில் தவிடு போகாமல் குற்றித் தரச் சொல்லுங்கள். வேக நேரம் எடுக்கும், ஊறவைத்தால் குறையும்.

இனி மாலைச் சமையல். முருங்கையிலையை முதல் நாள் இரவே உருவி வைத்துவிடுங்கள். சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய். வெங்காயம் பொன்னிறமானதும் இலையைப் போட்டு, நிறம் மாறுமுன் ஒரு பிடி தேங்காய்ப்பூ தூவிக் கிளறி இறக்குங்கள். தேசிக்காய்ப் புளியை அடுப்பை அணைத்த பிறகே விட வேண்டும், கொதிக்கும்போது விட்டால் கைக்கும். உப்பையும் இறக்கும் நேரத்தில் தூவுங்கள். புளி இருந்தால் குறைந்த உப்பும் நாக்குக்கு நன்றாகத் தெரியும். இதனால்தான் உப்பைக் குறைக்கச் சொல்லும்போதெல்லாம் தேசிக்காயைக் கூட்டச் சொல்கிறேன்.

மீனுக்குப் பாலாணம், அதாவது தேங்காய்ப்பால் கறி. கெளுத்தியோ கீரி மீனோ எது கிடைத்தாலும் சரி. வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி, வெந்தயம், மஞ்சளோடு இரண்டாம் பாலில் மீனை வேகவிட்டு, கடைசியில் கொஞ்சம் முதற்பால் விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். ஒரு சொட்டு எண்ணெய் வேண்டியதில்லை. தேங்காய்ப்பால் சீனியை ஏற்றாது என்றாலும் அதன் கொழுப்பு கொலஸ்ட்ரோலை ஏற்றும். பாலாணம் வைக்கிற நாளில் பருப்பைப் பால் விடாமல் சமையுங்கள், பொரியலும் வேண்டாம்.

சுவையூட்டிக் கட்டிகளையும் நூடில்ஸ் பொட்டலத்துத் தூளையும் வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். அந்தக் கட்டியில் பாதியளவு உப்பாகவே இருப்பது வழக்கம். ஒருவருக்கு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை; அது ஒரு தேக்கரண்டி அளவு. கருவாடு சமைக்கும் நாளில் மற்றக் கறிகளுக்கு உப்பே தேவைப்படாது.

காலையில் பாணுக்குப் பதிலாக, இரவு ஊறவிட்ட கௌபியையோ பயற்றையோ அவித்துக் கட்டைச்சம்பலோடு கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் பகல்வரை பசி தாங்கும். முதலில் முகம் சுளிப்பார்கள், விட்டுவிடாதீர்கள். குறைந்த உப்புக்கும் இனிப்புக்கும் நாக்கு பழகச் சில வாரங்கள் எடுக்கும்.

கொத்துரொட்டியை அடியோடு தடுக்க வேண்டாம். மாதத்தில் ஒரு நாள் குடும்பமாகப் போய் உண்ணுங்கள், அவர் ஒளித்து உண்பதை விட அது நல்லது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். மூன்று மாதத்தில் வெறும் வயிற்றுச் சீனியோடு கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் செய்து அறிக்கையை வைத்தியரிடம் காட்டுங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே சீனிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரெனக் குறைத்தால், சிலருக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்கி வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் கீரையிலும் பருப்பிலும் அளவு தேவை. இந்த இரு சாராரும் தங்கள் வைத்தியரைக் கேட்ட பிறகே உணவை மாற்ற வேண்டும்.