ஒரு பாட்டோடு முடிந்தவரா ரப்பி?

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்குத் திருப்பூர். நூல் கொள்முதல் வேலையாக ஒன்றரை வருடமாக லூதியானாவில் இருக்கிறேன். அறையில் கூட இருப்பவர் பட்டியாலாக்காரர். காலையில் எழுந்ததுமே பஞ்சாபிப் பாடகர் ரப்பி ஷெர்கில் பாட்டைப் போட்டுவிடுவார். அப்படித்தான் ‘புல்லா கீ ஜானா’ எனக்குப் பழகியது. மொழி பாதிதான் புரிகிறது, ஆனாலும் விட முடியவில்லை.

நானும் கிதார் வாசிப்பேன். தமிழில் சொந்தமாக ஏழெட்டுப் பாட்டு எழுதி மெட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை பார்த்தவர். அதைப் பற்றிய பாட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நண்பர்கள், “சினிமாவுக்கு முயற்சி பண்ணு, இல்லாவிட்டால் அந்த சர்தார் மாதிரி ஒரு பாட்டோடு காணாமல் போய்விடுவாய்” என்கிறார்கள். தேடிப் பார்த்தேன். 2004, 2008, 2012 என்று மூன்றே ஆல்பம்தான் இருக்கிறது. அவர் நிஜமாகவே ஒரு பாட்டோடு முடிந்தவர்தானா? நான் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

பெயர் வேண்டாம், திருப்பூர்க்காரன் என்றே போடுங்கள்.

*

அன்புள்ள திருப்பூர்க்காரருக்கு,

இல்லை, அவர் ஒரு பாட்டோடு முடிந்தவர் இல்லை. உங்கள் நண்பர்கள் சொன்னதைப் பல வருடங்களாகப் பலர் வாயிலும் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனசு சங்கடப்படும்.

2005இல் கொஞ்ச நாள் தில்லி கரோல் பாகில் தங்கியிருந்தேன். அறைக்குக் கீழே ஒரு கேசட் கடை. ராத்திரி கடை மூடும் நேரத்தில் கடைப்பையன் தினமும் அந்தப் பாட்டைப் போடுவான். முதலில் வெறும் கிதார். பிறகு அடித்தொண்டையிலிருந்து எழும் அந்தக் குரல். எனக்குப் பஞ்சாபி தெரியாது. ‘நான் யாரென்று எனக்கே தெரியவில்லை’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்பதை அந்தப் பையன்தான் சொன்னான். மசூதியில் தொழுகிறவனும் நான் இல்லை, நம்பாதவர்களின் சடங்கிலும் நான் இல்லை, மூசாவும் இல்லை, பாரோவும் இல்லை, அரபியும் இல்லை, லாகூர்க்காரனும் இல்லை. இல்லை இல்லை என்று அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு அது. நம்முடைய சிவவாக்கியரைப் படித்த காதுக்கு அது ஒன்றும் அந்நியமாகப் படாது.

அதை எழுதிய சூஃபிக் கவிஞர் புல்லே ஷா 18ஆம் நூற்றாண்டுக்காரர். கசூரில் அடக்கமானவர், அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. நபிகள் வழிவந்ததாகச் சொல்லப்படும் சையது குடும்பத்தில் பிறந்தும், தோட்டப் பயிர் செய்யும் அராயின் சாதிக்காரரான ஷா இனாயத்தைக் குருவாக ஏற்றுக்கொண்டார், அதனால் சொந்தக்காரர்களின் பேச்சுக்கு ஆளானார். அப்படிப்பட்டவர் ‘நான் யார்’ என்று கேட்கும்போது அதற்கு வேறு எடை வந்துவிடுகிறது.

அந்தக் காலச் சூழலையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1995இல் தலேர் மெஹந்தி வந்ததிலிருந்து பஞ்சாபிப் பாட்டு என்றால் நாடு முழுக்கக் கல்யாண வீட்டு ஆட்டம் என்றே ஆகியிருந்தது. அந்தச் சந்தையில் ஒருவர் வந்து, ஆட முடியாத ஒரு பாட்டை, ராக் இசையில், சூஃபிக் கவிதையை வைத்துப் பாடுகிறார். அது எப்படி வெளியே வந்தது என்பதே பெரிய கதை. ரப்பி 1973இல் பிறந்தவர், இயற்பெயர் குர்ப்ரீத் சிங். 1988இல் மனித உரிமைகளுக்காக உலகம் சுற்றிய கச்சேரி ஒன்று தில்லிக்கு வந்தது. அதில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடியதைக் கேட்டுத்தான் இந்த வழிக்கு வந்தார். அப்போது அவருக்கு 15 வயது. முதல் ஆல்பம் வந்தபோது வயது 31. இடையில் 16 வருடம். இசைக்குழு வைத்தார், விளம்பரப் படங்களுக்கு மெட்டுப் போட்டார். வெளியிடுகிறோம் என்று வந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. கடைசியில் ஒரு சின்ன நிறுவனம் வெளியிட்டது.

உங்கள் நண்பர்கள் அந்த 16 வருடத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இன்னொன்று, அவர் வீடு. அப்பா சீக்கிய மதப் பிரசங்கி. அம்மா கல்லூரி முதல்வர், பஞ்சாபிக் கவிஞர். அக்கா ககன் கில், இந்தியில் முக்கியமான கவிஞர், இந்தி எழுத்தாளர் நிர்மல் வர்மாவின் மனைவி, 2024இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். ரப்பி பாடிய சொற்கள் அவர் வீட்டில் பழகிய சொற்கள் என்று நான் நம்புவது இதனால்தான்.

சரி, ‘புல்லா’வை விடுங்கள். அதே ஆல்பத்தில் ‘இஷ்திஹார்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. இன்று ராத்திரி உங்கள் அறைத்தோழரைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாக அர்த்தம் கேட்டுக்கொண்டு கேளுங்கள். பஞ்சாபிக் கவிஞர் சிவ் குமார் பட்டால்வியின் கவிதை அது. பிரிவினையில் ஊரை விட்டுவிட்டு பட்டாலாவுக்கு வந்த குடும்பம். 1967இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியபோது அவருக்கு 31 வயதுதான். 1973இல் போய்விட்டார், ரப்பி பிறந்த அதே வருடம்.

இஷ்திஹார் என்றால் விளம்பரம், அறிவிப்பு. நம் தினசரிகளில் ‘காணவில்லை’ என்று கட்டம் கட்டிப் போடுவார்களே, பெயர், வயது, உயரம், நிறம், கடைசியாகக் கட்டியிருந்த சேலை, அந்த மாதிரி. ஒரு பெண்ணைக் காணவில்லை, பெயர் மொஹப்பத், அதாவது காதல். எளிமையானவள், அழகானவள். சிரித்தால் பூ உதிரும், நடந்தால் கஜல் மாதிரி இருக்கும். சைப்ரஸ் மரம்போல நெடுநெடுவென்று உயரம். இப்படி அங்க அடையாளம் சொல்லிக்கொண்டே வந்து, அவள் தொலைந்து எத்தனையோ ஜென்மம் ஆகிவிட்டது, ஆனாலும் நேற்று நடந்ததுபோல இருக்கிறது என்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற தகவலாக ஆரம்பித்தது அந்த இடத்தில் அழுகையாக மாறிவிடுகிறது. ரப்பி அங்கே குரலை உயர்த்தி உருகுவதில்லை, தெருத்தெருவாகத் தேடி அலுத்த ஒருவன் சொல்வதுபோலச் சொல்கிறார். பல வருடம் கழித்து 2016இல் ஒரு இந்திப் படத்தில் வேறு மெட்டில் அதே கவிதை வந்தது, ஊரெல்லாம் பாடியது. அதுவும் நல்ல பாட்டுதான். ஆனால் காணாமல் போனவளைத் தேடுகிற பதைப்பு எனக்கு ரப்பியிடம்தான் கேட்கிறது.

ஒரு பாட்டோடு முடிந்தவர் என்றால் இந்தப் பாட்டை எங்கே வைப்பது? அதே ஆல்பத்தின் ‘தேரே பின்’னை எங்கே வைப்பது?

2008இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் ‘பில்கிஸ்’ இருக்கிறது. “என் பெயர் பில்கிஸ் யாகூப் ரசூல்” என்று ஆரம்பிக்கும். 2002 குஜராத் வன்முறையில் எல்லாம் இழந்த பெண். அடுத்து சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த ஊழலைப் பிரதமருக்கு எழுதிய பொறியாளர், 2003இல் கயாவில் கொல்லப்பட்டார். பழங்குடிகளின் நிலத்துக்காகப் போராடிய நவ்லீன் குமார். அப்புறம் மஞ்சுநாத் சண்முகம். அந்தப் பெயர் வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். கோலார் தங்கவயல் பையன். எண்ணெய் நிறுவன அதிகாரியாக உத்தரப் பிரதேசத்துக்குப் போனவர். கலப்படம் செய்து விற்ற பெட்ரோல் பங்க்குக்கு சீல் வைத்தார். 2005 நவம்பரில் லக்கிம்பூர் கேரியில் சுட்டுக் கொன்றார்கள். வயது 27. இந்த நான்கு பேரையும் சொல்லிவிட்டு, 1957இல் சாஹிர் லூதியான்வி திரைப்பாட்டில் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கிறார்: இந்த நாட்டை எண்ணிப் பெருமைப்படுகிறவர்கள் எங்கே? சாஹிர் நீங்கள் இப்போது இருக்கும் ஊர்க்காரர்தான்.

இப்படி ஒரு பாட்டை எழுதுவதற்கு நான்கு வருடம் ஆனால் ஆகட்டும். வாரம் ஒரு படம், படத்துக்கு ஐந்து பாட்டு என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கணக்கில் பார்த்தால் எட்டு வருடத்தில் மூன்று ஆல்பம் சோம்பேறித்தனமாகத் தெரியும். ஒரு கவிஞர் எட்டு வருடத்தில் மூன்று தொகுப்பு போட்டால் அப்படிச் சொல்வோமா? ரப்பியை நான் கவிஞர்கள் வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன். சினிமாவை அவர் ஒதுக்கவும் இல்லை. 2007இல் ஒரு படத்துக்கு இசையமைத்தார். 2012இல் நம் ரஹ்மான் இசையில் ‘சல்லா’ பாடினார், வரிகள் குல்சார். கூப்பிட்டபோது போய்ப் பாடிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

இனி உங்கள் விஷயம். வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். முழுநேரமாக இறங்கியதும் மாதச் சம்பளத்தின் இடத்தில் பாட்டு நிற்க வேண்டியிருக்கும். அப்போது கல்யாண வரவேற்புக்கு யாரோ கேட்கிற பாட்டைத்தான் பாடுவீர்கள். பல நல்ல பையன்கள் அப்படித் தேய்ந்துபோனதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு காரியத்தை மட்டும் உடனே செய்யுங்கள். எழுதிய வரிக்கும் போட்ட மெட்டுக்கும் உரிமையை யாருக்கும் மொத்தமாக எழுதிக் கொடுக்காதீர்கள். 2012 பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, உரிமையைக் கொடுத்துவிட்டாலும்கூட, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் வர வேண்டிய ராயல்டி பங்கை ஒப்பந்தத்தில் பறிக்க முடியாது. அந்த ராயல்டியை வசூலித்துக் கொடுக்கிற ஐபிஆர்எஸ் என்கிற சங்கத்தில் உறுப்பினர் ஆகிவிடுங்கள். பெரிய பணம் வந்துவிடாது, ஆனால் பாட்டு உங்கள் பெயரில் இருக்கும்.

உங்கள் பாட்டை நான்கு தடவை கேட்டேன். பல்லவியில் வானமும் நிலவும் வருகின்றன. அவை உங்களுடையவை இல்லை, நாம் எல்லோரும் சினிமாவில் கேட்டுக் கேட்டுப் பழகியவை. எடுத்துவிடுங்கள். இரண்டாவது சரணத்தில், ராத்திரி பத்து மணிக்கு அம்மா வீட்டுக்கு வரும்போது சேலை மடிப்பில் ஒட்டியிருக்கும் பிசிறுகளை நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்து, இன்றைக்கு என்ன கலர் ஆர்டர் என்று கண்டுபிடித்துச் சொல்வதாக ஒரு வரி இருக்கிறது. பனியன் கம்பெனிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் அந்த வரி கிடைக்கும். நீங்களோ பயந்ததுபோல அதைக் கடகடவென்று பாடிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடுகிறீர்கள். அங்கே கிதாரை நிறுத்துங்கள். குரல் மட்டும் வரட்டும். முடிந்தால் அந்த வரியையே பல்லவியாக வைத்துப் பாருங்கள்.

மாற்றியதும் எனக்கு அனுப்புங்கள். அதற்கு முன்னால் அறைத்தோழருக்குப் பாடிக் காட்டுங்கள். லூதியானாவும் பின்னலாடை ஊர்தான், அங்கே இருப்பவருக்குப் பிசிறு என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்காது.

அன்புடன்.